ஸ்ப்ளைஸ் என்ற சொல்லின் நான்காவது பொருள்

ஹில்ஸ்பரோ கடைத்தெருவில் கடலைப் பார்த்தபடி இருந்தது ஆகஸ்டின் இரும்புக் கடை. ஐசில்மா பெடோ பதினெட்டு வயதில் அங்கே ஆணி நிறுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தொரு வயதில் கரீபியன் கடலில் இருக்கும் அந்தக் கரியாக்குத் தீவின் பாய்க்கப்பல் தலைவர்கள் எல்லாரும் முதலாளியைத் தாண்டி அவளைத் தேடி வந்தார்கள். காரணம் அவள் கை. முடிச்சே போடாமல் இரண்டு கயிறுகளை ஒரே கயிறாக்கத் தெரிந்த கை அது.

அந்த வேலைக்கு அங்கே ஸ்ப்ளைஸ் என்று பெயர். இரண்டு கயிற்றின் முனைகளையும் முறுக்கு அவிழ்த்து, புரி புரியாகப் பிரித்து, இதன் புரியை அதன் புரிக்குள்ளும் அதன் புரியை இதன் புரிக்குள்ளும் மாற்றி மாற்றி நுழைத்து இறுக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் கயிறு பாதி பலத்தை இழந்துவிடும். ஸ்ப்ளைஸ் போட்டால் ஏறக்குறைய புதுக் கயிறு மாதிரியே இழுக்கும். அதிலும் இரண்டு வகை. குட்டையானது சீக்கிரம் முடியும், ஆனால் சேர்ந்த இடம் தடித்துப்போய் கப்பியில் ஓடாது. நீளமானதற்கு நேரமும் கயிறும் நிறையச் செலவாகும். முடித்த பிறகு எங்கே சேர்த்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மழைக்காலத்தில் கடைக்கு ஆளே வராத நாட்களில், யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய நங்கூரக் கயிற்றில் இருந்த ஸ்ப்ளைஸை ஒவ்வொரு புரியாக அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அதே வழியில் திரும்பப் பின்னினாள். மறுபடி அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். மழை விட்டபோது அவளுக்கு வேலை கைவந்திருந்தது.

அந்த மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவள் கல்யாணம் நின்றுபோயிருந்தது. ரோலண்ட் என்று ஒருவன், இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பஞ்சாலை வேலைக்குப் போனவன். "போய்ச் சேர்ந்ததும் உனக்கு அனுப்புறேன்" என்று படகுத்துறையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். கப்பல் டிக்கெட்டைத்தான் சொல்கிறான் என்று நினைத்து ஐசில்மா பெட்டியே கட்டிவிட்டாள். பத்து மாதம் கழித்து அவன் அனுப்பியது அவனுடைய கல்யாணப் படம். பெண் வேறொருத்தி.

அதற்குப் பிறகு ஐசில்மா ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். யார் என்ன சொன்னாலும் சொன்ன சொல்லுக்கு நேர்ப் பொருள் எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது, அதற்குமேல் ஓர் அங்குலம்கூட எடுத்துக்கொள்வதில்லை. கடை வேலைக்கு அந்தக் குணம் நன்றாகவே உதவியது. ஆனால் அவளிடம் வேடிக்கை பேச வந்தவர்கள் பாதிப் பேச்சில் திரும்பிப் போனார்கள்.

லெஸ்டேர் ஊர்க்காரன் கான்யூட் லெண்டோர் வேடிக்கை பேசத் தெரியாதவன். எதையுமே பேசத் தெரியாதவன் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆங்கிலச் சரக்குக் கப்பலில் மாலுமி. வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஊரில் இருப்பான். அந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்கு வந்து இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் கைவிரித்த நீளம், கயிறு வாங்குவான். அதன் ஒரு முனையை வளையமாக மடக்கி ஸ்ப்ளைஸ் போட்டுத் தரச் சொல்வான். கப்பலில் வேலை செய்கிறவனுக்கு அதைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியும். ஐசில்மாவுக்கு அந்த யோசனை வரவில்லை. வாடிக்கையாளர் கேட்டார், அவள் போட்டுக் கொடுத்தாள். அவன் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் "தேங்க்ஸ், மிஸ் பெடோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அவனுடைய அக்கா தியடோரா ரொட்டி சுட்டு விற்பவள். அம்மா இறந்தபின் தம்பியை வளர்த்தவள். "நம்ம வீட்டுல ஆடு இருக்கிறது ஒண்ணு. அதைக் கட்டுற கயிறு பதினாலு இருக்கு. எல்லாத்துலயும் வளையம் வேற. நீ என்ன, ஆட்டைத் தூக்குல போடப் போறியா?" என்று அவள் கேட்டதாகப் பின்னாளில் தெரியவந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் லிவர்பூல் முத்திரையோடு ஐசில்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பேச வராதவனுக்கு எழுத்து நன்றாக வந்தது. சுத்தமான, சாய்ந்த கையெழுத்து.

"அன்புள்ள மிஸ் பெடோ, இங்கே கடுங்குளிர். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரொம்ப நாளாக யோசித்துப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என்னுடையது ஒரு பக்கம் கிடக்கிறது, உங்களுடையது ஒரு பக்கம் கிடக்கிறது. இரண்டும் இப்படித் தனியாகக் கிடப்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஜூலையில் ஊருக்கு வருகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஸ்ப்ளைஸ் செய்துகொள்ளலாம். கடைசிவரை தாங்குகிற மாதிரி இருக்கவேண்டும் என்பது என் ஆசை. பதில் எழுதவும். கான்யூட் லெண்டோர்."

ஐசில்மா அதைக் கல்லாவிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். ஏதோ பெரிய வேலை என்று பட்டது. அவனிடம் கயிறு இருக்கிறது, கடையிலும் கயிறு இருக்கிறது, இரண்டையும் சேர்க்கவேண்டும் என்கிறான். அன்று மதியமே கடைக் காகிதத்தில் பதில் எழுதினாள்.

"ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. கயிற்றின் தடிமன் என்ன, மணிலா நாரா நைலானா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. குட்டை ஸ்ப்ளைஸ் நான்கு டாலர், நீள ஸ்ப்ளைஸ் ஏழு டாலர். நீங்கள் கேட்பதுபோல் தாங்கவேண்டும் என்றால் பழைய கயிற்றைப் புதுக் கயிற்றோடு சேர்க்க நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜூலைக் கடைசியில் படகுப்போட்டி வேலை அதிகம். ஆகவே முன்கூட்டியே தெரிவிக்கவும். ஐ. பெடோ."

பதில் வரவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் போனது. தபால் படகு வரும் நாட்களில் அவள் கடை வாசலுக்கு ஏதாவது ஒரு வேலையாக வந்து நின்றாள். வாடிக்கையாளர் ஒருவர் பதில் போடவில்லை என்பதற்காக இப்படி வந்து நிற்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. கடிதத்தைத் தூக்கி எறியவும் இல்லை. ரசீதுக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். எடுத்து எடுத்துப் படித்ததில் அது மனப்பாடமாகிவிட்டது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கடை நிறைந்த கூட்டம். தியடோரா முழங்கை வரை மாவோடு உள்ளே வந்தாள். அடுப்பில் ரொட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மிஸ் பெடோ! என் தம்பிக்கு விலை போட்டது நீதானே?"

ஐசில்மா தராசிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தத் தம்பி, ஸிஸ்டர் தியோ? என்ன விலை?"

"எனக்கு இருக்கிறதே ஒரு தம்பிதான். ஏழு டாலராம்! குட்டி ஆடுகூட ஏழு டாலருக்குக் கிடைக்காதும்மா!"

"ஏழு நீளமானதுக்கு. குட்டையானது நாலு" என்றாள் ஐசில்மா, உள்ளதைச் சொல்கிறவளாக.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தியடோரா மாவுக் கையைக் கல்லாமேல் ஓங்கி வைத்தாள். "கேட்டீங்களா எல்லாரும்? முகத்துக்கு நேரா சொல்றா! பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லு. பிடிக்கலையா, வேணாம்னு ஒரு வார்த்தை எழுது. அதை விட்டுட்டு, பழசையும் புதுசையும் சேர்க்கமாட்டேன்னு எழுதினியாமே? அவனுக்கு முப்பத்தாறுதான் ஆகுது! அவன் என்ன பழசா? நீ என்ன நேத்துப் பொறந்தவளா?"

"நான் கயித்தைச் சொன்னேன்."

"எந்தக் கயித்தை?"

"அவர் ஸ்ப்ளைஸ் பண்ணணும்னு எழுதியிருந்தார். கடைன்னா விலை சொல்லணும்ல? இன்னிக்கு வரைக்கும் என்ன கயிறு, எத்தனை பாகம்னு பதிலே இல்ல. நான்தான் கோபப்படணும்."

தியடோரா ஐசில்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அங்கே கிண்டல் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த ஆணிப் பீப்பாய்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அடக் கடவுளே" என்றாள். "ரெண்டும் ரெண்டு கழுதை. அவன் எழுதத் தெரியாத கழுதை, நீ படிக்கத் தெரியாத கழுதை. பொண்ணே, கப்பல்காரன் பேச்சுல ஸ்ப்ளைஸ்னா கல்யாணம்! அவன் உன்னைக் கட்டிக்கட்டுமான்னு கேட்டிருக்கான்!"

பின்னால் நின்ற மீனவர் ஒருவர், "அப்ப என் நங்கூரக் கயிறு இன்னிக்குக் கிடைக்காதா, மிஸ் ஐசில்மா?" என்று கேட்டார்.

ஐசில்மாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. ஆனால் அவள் ஒருமுறை ஏமாந்தவள். "கல்யாணம்னா கல்யாணம்னு எழுதணும். ஸ்ப்ளைஸ்னா கயிறுதான். அப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு யார் சொன்னது?" என்றாள்.

"நான் சொல்றேன்."

"நீங்க அவரோட அக்கா."

அப்படிச் சொல்லிவிட்டு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதலாளியைப் பார்த்து, "பத்து நிமிஷம்" என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் வெளியே போவது அதுவே முதல் தடவை. முதலாளி ஆகஸ்டின் தலையை ஆட்டினார்.

நூலகம் நான்கு வீடு தள்ளி, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறை. நூலகர் மிஸ் பாஸ்கல் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த புத்தகம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐசில்மா பெரிய அகராதியைக் கேட்டாள். பின்னாலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்த தியடோராவையும், அவள் கை மாவையும் மிஸ் பாஸ்கல் பார்த்தாள். "மாவுக் கை புத்தகத்தைத் தொடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஐசில்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். முதல் பொருள், கயிற்றின் புரிகளைப் பின்னி இணைத்தல். அது தெரிந்ததுதான். இரண்டாவது, இரண்டு மரங்களின் முனைகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி இணைத்தல். விண்ட்வர்டு ஊரில் படகு கட்டுகிறவர்கள் அடிமரத்துக்கு அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். மூன்றாவது, அறுந்த சினிமாப் படச்சுருளையும் ஒலி நாடாவையும் ஒட்டி இணைத்தல். அது அவளுக்குப் புதிது. நான்காவது சின்ன எழுத்தில் இருந்தது. பேச்சு வழக்கில், திருமணத்தால் இணைதல்.

"பேச்சு வழக்குன்னா என்ன மிஸ் பாஸ்கல்? பொய்னு அர்த்தமா?"

"இல்லம்மா. ஜனங்க வாயில புழங்குது, கோர்ட்டுல புழங்காதுன்னு அர்த்தம்."

"ஆனா உண்மைதானா?"

"அகராதிக்காரங்க விசாரிக்காம போடமாட்டாங்க."

மிஸ் பாஸ்கல் சிரிக்கவில்லை. என்ன ஏது என்று துருவவும் இல்லை. ஐசில்மா நின்ற நிலையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடிதத்தை மனசுக்குள் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். என்னுடையது ஒரு பக்கம் கிடக்கிறது, உங்களுடையது ஒரு பக்கம் கிடக்கிறது. கடைசிவரை தாங்குகிற மாதிரி. மூன்று மாதமாகத் தெரிந்த வரிகள் ஒவ்வொன்றும் புதிதாக வந்து உட்கார்ந்தன. அவள் மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. மிஸ் பாஸ்கல் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய்த் தன் வேலையைப் பார்த்தாள்.

"ஸிஸ்டர் தியோ" என்றாள் ஐசில்மா, தரையில் இருந்தபடியே. "அவருக்கு நான் பழைய கயிறு, புதுக் கயிறுன்னு எழுதிட்டேனே."

"எழுதினே. கப்பல்ல இருக்கிறவங்க மொத்தப் பேரும் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. இவன் மூணு நாள் சாப்பிடலையாம்."

"இப்ப எங்கே இருக்கார்?"

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் லிவர்பூல். அப்புறம் ஆப்பிரிக்கா பக்கம். இன்னிக்குப் பதிமூணு."

கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். இரண்டு பெண்களும் படியிறங்கித் தந்தி அலுவலகத்துக்குப் போனார்கள். சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்தும் நேரம். உள்ளே இருந்த குமாஸ்தா பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். தியடோரா வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். அவளைத் தாண்டிப் போக அவருக்கு வழி இருக்கவில்லை.

ஐசில்மா எழுதிக் கொடுத்ததைக் குமாஸ்தா உரக்கப் படித்தார். "ஸ்ப்ளைஸ் சம்மதம். நீளமானது. கட்டணம் இல்லை." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது ஏதும் ரகசியப் பாஷையா மிஸ் பெடோ? கடத்தல் விவகாரம் எதுலயும் நான் மாட்டிக்கக்கூடாது."

"கல்யாண விவகாரம்" என்றாள் தியடோரா. "அடியில 'உடனே வா'ன்னு சேர்த்துக்கோ. இந்தக் கழுதைங்க ரெண்டும் மறுபடி எதையாவது தப்பாப் புரிஞ்சுக்கும்."

குமாஸ்தா பூட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து தந்தியைத் தட்டினார். அந்த ஐந்து நிமிஷத்துக்காக ஐசில்மா பின்னாளில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்கு ரம்மில் ஊறிய பழம் போட்ட கறுப்பு கேக் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இறந்த பிறகு அவருடைய மனைவிக்குக் கொடுத்தாள்.

தந்தி கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கான்யூட் சரக்கறையில் இருந்தான். சாப்பாட்டு மேசையில் அதை யாரோ சத்தமாகப் படிக்க, முன்பு சிரித்த அதே ஆட்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். அவன் உடனே வரமுடியவில்லை. கப்பல் ஆப்பிரிக்கா போய்த்தான் திரும்பியது. ஜூலை பன்னிரண்டாம் தேதி தபால் படகில் வந்து இறங்கினான். படகுத்துறையில் ஐசில்மா நின்றாள். சுற்றிலும் கோணிகளும் கோழிக் கூடைகளும் இறங்கிக்கொண்டிருந்தன.

"படகுப்போட்டிக்கு முன்னாடியா, அப்புறமா?" என்றான் கான்யூட்.

"முன்னாடி" என்றாள். "இனிமே காத்திருக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல."

தீவின் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்கு முறைப்படி ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கான்யூட் இந்த முறை எந்த ஆபத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஐசில்மாவின் அப்பா கண்ணுக்கு நேரே காகிதத்தைப் பிடித்து வாசித்துவிட்டு, "மூணு இடத்துல கல்யாணம் கல்யாணம்னு எழுதியிருக்கான். எங்கிட்ட இருக்கிறது ஒரே பொண்ணுதானே?" என்றார். கல்யாணத்தன்று, அங்கத்திய வழக்கப்படி, தியடோரா கேக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். இரு வீட்டாரும் போட்டிபோட்டுக் கொடி ஏந்தி ஆடும்போது தம்பியின் பக்கத்துக் கொடியைப் பெண் வீட்டுக் கொடிக்குமேல் உயர்த்திப் பிடிக்க அவள் பட்ட பாட்டை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. கான்யூட் கடல் வேலையை விட்டுவிட்டான். டிரெல் விரிகுடாவில் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நிற்கத் தொடங்கிய காலம். அங்கே இருவருமாகக் கயிறும் பாயும் செப்பனிடும் கடை ஒன்று போட்டார்கள். தொழில் நன்றாக நடந்தது. வீட்டுக்குள்தான் சங்கடம். அவன் இருபது வருஷம் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் சாப்பிட்டவன். அவள் பகலெல்லாம் வாடிக்கையாளர்களிடம் பேசித் தீர்த்துவிட்டு வீட்டில் வாய் திறக்காதவள். அவனுக்கோ எந்த இடத்திலும் பேச்சு வராது. மாலையில் இரண்டு பேரும் சோளக்களியை எதிரெதிரே வைத்துக்கொண்டு கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வயிற்றில் வந்த குழந்தை இரண்டு தடவை தங்காமல் போனது. அந்த வருஷங்களில் கரண்டிச் சத்தம்கூட இல்லை.

மூன்றாம் வருஷம் அவனுடைய பழைய கப்பலிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை ஐசில்மா எழுந்தபோது மேசையில், தட்டுக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. அடுத்த அறையில் தூங்குகிறவன் எழுதிய கடிதம். கப்பலுக்குப் போகப்போகிறான் என்றே நினைத்து எடுத்துப் பிரித்தாள்.

"அன்புள்ள ஐசில்மா, கப்பலுக்கு வரமாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை, உனக்குத் தெரியும். எழுதினால் வருகிறது. நீளமானது என்று தந்தியில் நீதான் சொன்னாய். நீளமானதற்கு இரண்டு பக்கமும் கயிறு நிறையப் போகும். என் பக்கம் கடல் போயிற்று, எனக்கு வருத்தமில்லை. குழந்தை விஷயத்தில் நீ என்னிடம் ஒரு வார்த்தை அழுதிருக்கலாம். நானும் அழுதேன், படகுக் கொட்டகையில். கான்யூட்."

ஐசில்மா அதைப் படித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அவன் தூங்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்று கடை திறக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் கடிதம் பழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தட்டுக்கடியில் வரும். சில நாள் நாலு வரி, சில நாள் இரண்டு பக்கம். அவள் பதில் எழுதமாட்டாள், வாயால் சொல்வாள். முதலில் ஒன்றிரண்டு வாக்கியம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, களி ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. விரிகுடாவின் படகுக்காரர்கள் அவளிடம் வேடிக்கை பேசத் தொடங்கினார்கள். அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பிரெஞ்சுக்காரன் தன் பாய்மரத்துக்குக் கயிறு கேட்டு வந்து, "சீக்கிரம் முடியுமா மேடம், என் மனைவி காத்திருக்கிறாள்" என்றபோது, "ஸ்ப்ளைஸ் கயித்துக்கா மனைவிக்கா? மனைவின்னா சொல்லுங்க, நீளமானதுதான் போடணும், நேரம் ஆகும்" என்றாளாம். கான்யூட் பாய் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தபோது தேவாலயத்தில் நன்றி ஆராதனை வைத்தார்கள். விரும்புகிறவர்கள் எழுந்து நின்று யாருக்கு எதற்கு நன்றி என்று சொல்லலாம். கான்யூட் எழுந்தான், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான், உட்கார்ந்தான். அதற்கே சபை "ஆமென்" என்றது. பிறகு ஐசில்மா எழுந்தாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். அகராதியைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் இருந்த மிஸ் பாஸ்கலுக்குச் சொன்னாள். மிஸ் பாஸ்கல் அப்போது எண்பதைத் தாண்டி முதல் வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். அப்புறம் ஐசில்மா இடப்பக்கம் திரும்பினாள்.

"கடைசியா ஸிஸ்டர் தியோவுக்கு. அன்னிக்கு அவங்க கடைக்கு வந்து நாலு பேர் முன்னாடி என்னைத் திட்டலைன்னா, நான் இன்னிக்கு வரைக்கும் அந்தக் கல்லாவுல நின்னுகிட்டு, என்ன கயிறுன்னு ஏன் பதில் வரலைன்னு யோசிச்சுக்கிட்டே இருந்திருப்பேன். எல்லாரும் நல்ல வார்த்தைக்கு நன்றி சொல்லுவாங்க. நான் திட்டுக்கு நன்றி சொல்றேன்."

சபை சிரித்துக் கைதட்டியது. எழுபதை எட்டிக்கொண்டிருந்த தியடோரா முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நான் ஒண்ணு ஒத்துக்கணும்" என்றாள். "இருபத்தஞ்சு வருஷமா சொல்லல. அப்ப இவன் எனக்குக் கடுதாசி எழுதினான். நடந்ததெல்லாம் எழுதிட்டு, அடியில கோடு போட்டு, 'தியோ, நீ அந்தக் கடைப்பக்கம் போகவே கூடாது. மிஸ் பெடோகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. இது என் கட்டளை'ன்னு எழுதியிருந்தான். என் தம்பி எனக்குக் கட்டளை போட்டது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான். நான் படிச்சேன். மாவைப் பிசைஞ்சேன். மறுபடி படிச்சேன். அடுப்புல இருபது ரொட்டி. அத்தனையும் கருகட்டும்னு கிளம்பிட்டேன்."

கான்யூட் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கட்டளையை எழுதியது அவனுக்கு மறந்தே போயிருந்தது. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தான். வாய் அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை.

"போதும் போதும், வீட்டுக்குப் போய் எழுதிக் கொடு" என்றாள் தியடோரா. "இப்ப வெளியில பந்தி போடுறாங்க. சங்குக் கறி தீர்றதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போங்க ரெண்டு பேரும்."

ஆளுக்கொரு பக்கம் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு இடுப்பு முற்றிலும் ஓய்ந்துபோகவே, டிரெல் விரிகுடா வீட்டில் கடல் பக்கத்து அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவள் பதினொரு வருஷம் அங்கே இருந்தாள். காலையில் ஐசில்மா அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். உப்பு குறைவு, ரொட்டி வேகவில்லை, ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்று தியடோரா திட்டிக்கொண்டே இருப்பாள். ஐசில்மா ஒவ்வொன்றுக்கும், "சரி ஸிஸ்டர் தியோ, தேங்க்ஸ்" என்பாள். அதில் கேலி எதுவும் இருக்காது. மனதாரச் சொல்வாள்.